சீலிங் வேலைக்கு பேட்டரி ஸ்க்ரூ கன்: மகிட்டாவா, டிவால்ட்டா, வேறு எதுவுமா?

காவேரிப்பட்டணம் சீலிங்

வணக்கம். காவேரிப்பட்டணத்தில் ஜிப்சம் சீலிங், பார்ட்டிஷன் வேலை எடுத்துச் செய்கிறேன். என்னையும் சேர்த்து 5 பேர். இதுவரை எல்லாம் ஒயர் மெஷின்தான், குறை சொல்ல ஒன்றும் இல்லை. வீட்டு வேலைக்கு அது போதும்.

இப்போது பர்கூர் பக்கம் ஒரு கல்யாண மண்டபம் கிடைத்திருக்கிறது. ஹால் உயரம் 16 அடி, சக்கரம் வைத்த சாரம். கரண்ட் இன்னும் டெம்பரரி கனெக்‌ஷன். இருப்பதே ஒரு பாயின்ட். டைல்ஸ்காரர், எலக்ட்ரீஷியன், கேட் வெல்டர் எல்லாரும் அதிலேதான் தொங்குகிறார்கள். வெல்டர் ராடு வைத்தால் என் மெஷின் முனகுகிறது. சாரத்தைத் தள்ளும்போதெல்லாம் ஒயர் சக்கரத்தில் சிக்குகிறது. மேலே இருப்பவன் கத்துவான், கீழே இருப்பவன் ஃபோனில் இருப்பான். அதனால் பேட்டரி கன்னுக்கு மாறிவிடலாம் என்று இருக்கிறேன்.

என்னிடம் மகிட்டா 18 வோல்ட் ஹேமர் ட்ரில் ஒன்று, 5 ஏஹெச் (எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற அளவு) பேட்டரி 2 இருக்கிறது. கடையில் டிஎஃப்எஸ் 452 காட்டினார்கள், 4000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று). அதிலேயே டிஎஃப்எஸ் 250 என்று இன்னொன்று, 2500 ஆர்பிஎம். மச்சான் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் விசாரித்துவிட்டு, டிவால்ட் டிசிஎஃப் 620 எடு, 4400 ஓடும் என்கிறார். ஓசூரில் ஒரு கம்பெனி சைட்டில் ஹில்டி எஸ்டி 5000 பார்த்தேன். அது பெயருக்கேற்ற மாதிரி 5000.

வேகம் கூடக் கூட வேலைக்கு நல்லதா? நாள் முழுக்கத் தலைக்கு மேல் பிடிக்க எது தோதாக இருக்கும்? அப்புறம் போர்டிகோவுக்கு 8 மி.மீ. சிமென்ட் ஃபைபர் போர்டு கேட்கிறார்கள், அதற்கும் இதே கன் போதுமா?

கையில் வைத்து ஓட்டியவர்கள் சொன்னால் நல்லது. யூடியூபில் இருப்பதையெல்லாம் நானும் பார்த்துவிட்டேன்.

அரூர் இன்டீரியர்

தம்பி, ஒயர் மெஷினை விடாதே. பாஷ் ஜிஎஸ்ஆர் 6-45 டிஇ என்னிடம் இருக்கிறது. 701 வாட், 4500 ஆர்பிஎம். சார்ஜ் பிரச்சினை இல்லை, பேட்டரி செத்துப் போகும் பிரச்சினை இல்லை. பேட்டரி கன் வாங்கும் காசில் இந்த மாதிரி ஒன்று வாங்கி, மிச்சத்தில் ஒரு சின்ன ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்துவிடலாம். ஒயரைச் சாரத்தின் மேல் பைப்பில் கட்டிவிட்டால் சக்கரத்தில் சிக்காது. அவ்வளவுதான் விஷயம்.

பாலக்கோடு மரவேலை

எதற்கு இவ்வளவு செலவு? சாதாரண கார்ட்லெஸ் ட்ரில்லில் போடுவதற்கு ட்ரைவால் பிட் என்று விற்கிறார்கள், பிட்டைச் சுற்றி ஒரு கிண்ணம் மாதிரி வளையம் இருக்கும். அந்த வளையம் போர்டில் முட்டியதும் பிட் ஸ்க்ரூவை விட்டுவிடும். நான் அதில்தான் போடுகிறேன். ட்ரில் ஏற்கெனவே இருக்கிறதே.

தருமபுரி மேஸ்திரி

முதலில் அரூர் அண்ணாவுக்கு. நீங்கள் சொல்வது 10 அடி வீட்டுக்குச் சரி. 16 அடி சாரத்தில் ஒயர் மேலே கட்டியிருந்தாலும் சாரம் நகர்ந்தால் பிளக் வரைக்கும் ஒயர் கூடவே வரணும். அந்த மெஷின் நல்ல மெஷின், அதில் மாற்றுக் கருத்தில்லை. இந்த சைட்டுக்கு அது வேண்டாம்.

பாலக்கோடு தம்பிக்கு: அந்த வளையப் பிட் மரச்சட்டத்துக்கு ஓடும். ஜிஐ (ஜிங்க் பூசிய இரும்புத் தகட்டுச் சட்டம்) செக்‌ஷனுக்கு நான் நம்ப மாட்டேன். காரணம் சொல்கிறேன். நாம் போடும் சீலிங் செக்‌ஷன் தகடு அரை மில்லி சொச்சம். ஸ்க்ரூவின் மரை அந்த மெல்லிசுத் தகட்டில் ஒன்றிரண்டு சுற்றுதான் பிடித்திருக்கும். தலை போர்டில் உட்கார்ந்த பிறகு அரைச் சுற்று கூடப் போனாலும் தகட்டில் மரை அறுந்துவிடும். பார்க்க இறுக்கமாக இருப்பது போலத் தெரியும். விரலால் அமுக்கினால் ஸ்க்ரூ சும்மா சுற்றும். ட்ரில்லுக்கு 1500, 2000 வேகம்தான், நிறுத்துவது விரலின் கணக்கு. ஸ்க்ரூ கன்னில் நோஸ் (பிட்டைச் சுற்றி இருக்கும், ஆழம் வைக்கும் மூக்கு) போர்டைத் தொட்ட நொடியில் கிளட்ச் கழன்றுகொள்கிறது. மோட்டார் சுற்றிக்கொண்டே இருந்தாலும் பிட் நின்றுவிடும். நாம் காசு கொடுப்பது அந்தக் கிளட்சுக்குத்தான், வேகத்துக்கு இல்லை.

இப்போது காவேரிப்பட்டணம் தம்பிக்கு.

வேகத்தைப் பற்றி அதிகம் யோசிக்காதே. 4000, 4400, 5000 இவற்றுக்கு இடையே உள்ள வித்தியாசம் 25 மி.மீ. ஸ்க்ரூவில் கண் இமைக்கிற நேரம் கூட இல்லை. கணக்குப் போட்டுப் பார். 6-க்கு 4 போர்டில் செக்‌ஷன் 457 மி.மீ. இடைவெளியில் போனால் 5 வரிசை விழும். ஒரு வரிசையில் 230 மி.மீ.க்கு ஒன்று என்றால் 6 அல்லது 7 ஸ்க்ரூ. ஆக ஒரு போர்டுக்கு 30-லிருந்து 35. ஆயிரம் சதுர அடிக்கு 42 போர்டு, கிட்டத்தட்ட 1400 ஸ்க்ரூ. அந்த 1400-லும் நேரம் போவது ஸ்க்ரூ உள்ளே போகிற நேரத்தில் இல்லை. பையிலிருந்து ஸ்க்ரூ எடுத்து, பிட்டில் வைத்து, கையைத் தூக்கி, இடம் பார்த்து வைக்கிறோமே, அதில்தான்.

அதனால் சீலிங்குக்கு மூன்று விஷயம் பார். எடை, சத்தம், நோஸ்.

எடையில் கணிசமான பங்கு பேட்டரி. உன்னிடம் இருக்கும் 5 ஏஹெச் பேட்டரி ட்ரில்லுக்கு நல்லது, சீலிங் கன்னுக்குப் பாரம். 18 வோல்ட் பேட்டரி என்றால் உள்ளே 3.6 வோல்ட் செல் 5 வரிசையாக இருக்கும். 5 ஏஹெச்சில் அது இரட்டை வரிசை, 10 செல். 2 ஏஹெச் சின்ன பேட்டரியில் 5 செல்தான். வித்தியாசம் கால் கிலோ வரும். கால் கிலோதானே என்று நினைப்பாய். கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டு சாயங்காலம் 4 மணிக்கு யோசித்துப் பார். ஸ்க்ரூ கன் அதிகம் கரண்ட் தின்னாது. 2 ஏஹெச் ஒன்று ஓடும்போது இன்னொன்று சார்ஜில் இருந்தால் வேலை நிற்காது. டிவால்ட் டப்பாவில் 20 வோல்ட் என்று போட்டிருந்தால் ஏமாறாதே. ஃபுல் சார்ஜில் செல்லுக்கு 4 வோல்ட் என்று கணக்கு வைத்து எழுதியது. ஓடும்போது அதுவும் 18 தான்.

சத்தம். டிவால்ட் 620-ல் ட்ரிக்கரை லாக் போட்டால் மோட்டார் விடாமல் சுற்றிக்கொண்டே இருக்கும், அழுத்தினால் பிட் சுற்றும். கை வேகமாக ஓடும் ஆளுக்கு அது பிடிக்கும். மகிட்டா 452-ல் அழுத்தினால்தான் மோட்டாரே ஓடும் வசதி இருக்கிறது. லாக் போட்டுவிட்டு சும்மா பிடித்திருந்தால் அமைதியாக இருக்கும், ஸ்க்ரூவைப் போர்டில் வைத்து அமுக்கினால் எழுந்துகொள்ளும். காலி மண்டபத்தில் எதிரொலி எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும். கீழே இருக்கும் ஹெல்பர் சொல்வது காதில் விழ வேண்டும் என்றால் இது பெரிய விஷயம். பேட்டரியும் மிச்சம்.

நோஸ்தான் உயிர். ஆழம் சரியாக வந்தால் ஸ்க்ரூ தலை போர்டுக்குள் ஒரு சின்னக் குழி விழுந்து உட்காரும், மேல் காகிதம் கிழியாது. பட்டி மூட அந்தக் குழி போதும். காகிதம் கிழிந்தால் அந்த ஸ்க்ரூ பித்தான் ஓட்டை கிழிந்த சட்டை மாதிரி. சுவரில் அது ஓடிவிடும், சீலிங்கில் ஓடாது. 12.5 மி.மீ. போர்டு ஒன்று 18, 20 கிலோ, முழு எடையும் ஸ்க்ரூ தலைக்குக் கீழ் இருக்கும் காகிதத்தில்தான் தொங்குகிறது. உள்ளே இருக்கும் ஜிப்சம் மாவுதானே, அதற்கு என்ன பிடி.

ஆன்லைனில் ஒரு கன் பாதி விலைக்கு வாங்கினேன், கம்பெனி பெயர் வேண்டாம். காலையில் செட் செய்த ஆழம் மதியத்தில் தானாக மாறிவிடும். நோஸில் இருந்த வளையம் நடுக்கத்தில் நழுவுகிறது. சர்வீஸ் என்று கேட்டால் வாட்ஸ்அப் நம்பர் கொடுத்தார்கள், நீலக் கோடு விழுந்ததோடு சரி. கடையில் எந்த கன்னை எடுத்தாலும் நோஸைத் திருப்பிப் பார், ஒவ்வொரு படியிலும் டக் டக்கென்று நிற்க வேண்டும். அப்புறம் நோஸை இழுத்துக் கழற்றி மறுபடி மாட்டிப் பார். பிட் மாற்றினால் ஆழம் கலையக்கூடாது. மகிட்டா, டிவால்ட் இரண்டிலும் இது ஒழுங்காக இருக்கிறது. சீலிங்கில் ஜிப்சம் தூசி நேரே நோஸுக்குள்தான் விழும். மதியம் சாப்பிடப் போகும்போது கழற்றித் தட்டிவிட்டால் ஆழம் ஒரே மாதிரி வரும்.

என் தீர்ப்பு: உன்னிடம் மகிட்டா பேட்டரி இருக்கும்போது 452-ஐ மெஷின் மட்டும் வாங்கு, கூட 2 ஏஹெச் பேட்டரி 2 எடு. டிவால்ட் மட்டமில்லை. ஏற்கெனவே டிவால்ட் பேட்டரி வைத்திருக்கும் ஒருவன் கேட்டிருந்தால் 620-ஐத்தான் சொல்லியிருப்பேன். 400 ஆர்பிஎம்முக்காக இன்னொரு சார்ஜர், இன்னொரு பேட்டரி வகை என்று சாரத்தில் கலந்து கிடந்தால் தலைவலி.

பிடிக்கும் விதம் ஒன்று சொல்லிவிடுகிறேன், இது யாரும் சொல்லித் தருவதில்லை. ட்ரில் பிடிப்பது போல ஆள்காட்டி விரலை ட்ரிக்கரில் வைக்காதே. கையை மேலே ஏற்றிப் பிடி. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் கவை மோட்டாருக்கு நேர் பின்னால் வரணும், ட்ரிக்கரை மோதிர விரலும் சுண்டு விரலும் பார்த்துக்கொள்ளும். அப்போது தள்ளுகிற விசை நேராக ஸ்க்ரூவில் இறங்கும். மணிக்கட்டு வளையாது, பிட் நழுவாது.

பாலக்கோடு மரவேலை

சரி அண்ணா, ஜிஐக்கு ஒத்துக்கொள்கிறேன். நான் போடுவது பெரும்பாலும் மரச்சட்டம்தான்.

ஓசூர் சைட் சூப்பர்வைசர்

ஹில்டி பற்றிக் கேட்டிருந்தீர்கள். எங்கள் சைட்டில் சீலிங் காண்ட்ராக்டர் எஸ்டி 5000 வைத்திருக்கிறார், அதில் எஸ்எம்டி 57 மேகஸின் மாட்டி ஓட்டுகிறார்கள். ஸ்க்ரூ பிளாஸ்டிக் பட்டையில் வரிசையாகக் கோர்த்து வரும், தோட்டா மாதிரி தானாக ஏறும். ஒரு கை போர்டைத் தாங்க ஓய்வாகக் கிடைக்கிறது. ஆபீஸ் பில்டிங்கில் ஒரே தளத்தில் ஆயிரக்கணக்கான சதுர அடி சமதளமாகப் போகும்போது இது அள்ளும். டிவால்ட் 620-க்கும் அதே மாதிரி தனி மேகஸின் இருக்கிறது.

ஆனால் உங்கள் மண்டபத்துக்கு நான் சொல்ல மாட்டேன். பட்டை ஸ்க்ரூ இங்கே ஹார்டுவேர் கடையில் கிடைக்காது, பெங்களூரிலிருந்து வரவழைக்கணும். ஞாயிற்றுக்கிழமை மதியம் தீர்ந்துபோனால் அன்றைக்கு வேலை நின்றது. மேகஸினும் பட்டையும் சேர்ந்தால் முன்பக்கம் பாரம். மண்டபம் என்றால் கோவ், ஸ்டெப், வட்ட டிசைன் எல்லாம் இருக்கும். மூலையில் அந்த நீள மூக்கு நுழையாது, கழற்றி மாட்டிக்கொண்டே இருக்கணும்.

ஹில்டி நேரடியாக விற்பனை செய்கிற கம்பெனி, சர்வீஸும் அவர்களே. பெரிய காண்ட்ராக்டருக்கு அது வசதி. 5 பேர் வைத்து வேலை செய்பவருக்கு மற்ற மெஷின்களோடு பேட்டரி சேராது என்பதையும் பாருங்கள்.

இன்னொன்று, இது கன் பற்றி இல்லை. இன்ஸ்பெக்‌ஷனில் நான் பார்ப்பது ஓரம். காகிதம் சுற்றிய ஓரத்திலிருந்து 10 மி.மீ., வெட்டிய ஓரத்திலிருந்து 13 மி.மீ. உள்ளே ஸ்க்ரூ விழணும். வேகமான கன் கைக்கு வந்ததும் ஆட்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ஓரம் பொடிந்து ஜாயின்டில் கோடு வருவது அதனால்தான், டேப் போட்டவரைத் திட்டிப் பிரயோஜனமில்லை.

காவேரிப்பட்டணம் சீலிங்

எல்லாருக்கும் நன்றி. தருமபுரி அண்ணா, நேற்று கடையில் 452-ஐக் கையில் பிடித்துப் பார்த்தேன், நீங்கள் சொன்ன மாதிரி சுண்டு விரல் பிடி. முதலில் கோணலாக இருக்கிறது, அப்புறம் புரிகிறது. டிவால்ட் 620-ம் பக்கத்திலேயே இருந்தது. உண்மையைச் சொன்னால் கைப்பிடி டிவால்ட்டில்தான் எனக்கு நன்றாக உட்கார்ந்தது. ஆனால் சார்ஜர் கணக்கு நீங்கள் சொன்னதுதான்.

இரண்டு கேள்வி. போர்டிகோ சிமென்ட் ஃபைபர் போர்டு பற்றி யாரும் சொல்லவில்லை. அப்புறம் கருப்பு ஸ்க்ரூ தலை அடிக்கடி உடைகிறது. வேகம் கூடினால் இன்னும் உடையுமா?

தருமபுரி மேஸ்திரி

கைப்பிடி பிடித்தால் அதுவும் ஒரு காரணம்தான் தம்பி, தள்ளிவிடாதே. நாளெல்லாம் பிடிக்கப் போவது நீ.

சிமென்ட் போர்டு. 452-ல் முடியும், ஆனால் அதற்கென்று பிறந்தது 250. கியர் குறைத்து 2500-ல் ஓடுவதால் முறுக்கு அதிகம். ஜிப்சத்தில் ஸ்க்ரூ தலை காகிதத்தை அமுக்கிக்கொண்டு தானாக உள்ளே போகும். சிமென்ட் போர்டு கல் மாதிரி நிற்கும், தலை உள்ளே போகாமல் கிளட்ச் மட்டும் கடகடக்கும். அதற்குத் தலைக்கு அடியில் பல் வரிசை வைத்த ஸ்க்ரூ வாங்கணும், அந்தப் பல்தான் போர்டைச் சுரண்டிக் குழி எடுத்து உட்காரும். நுனி துளைப்பான் நுனியாக இருக்கணும், ஊசி நுனி ஆகாது. துளைப்பான் நுனியை 4000-ல் ஓட்டினால் தகட்டில் தேய்ந்து சூடேறி நுனி நீலம் பாய்ந்துவிடும், அதற்கப்புறம் எவ்வளவு அழுத்தினாலும் இறங்காது. மெதுவாக, நல்ல அழுத்தம் கொடுத்துப் போகணும்.

ஒரு போர்டிகோவுக்காக 250 தனியாக வாங்க வேண்டியதில்லை. 452-ல் லாக் போடாமல் ட்ரிக்கரைப் பாதி அமுக்கி ஓட்டு, விரல் கொஞ்சம் பழகணும். இல்லையென்றால் உன் பழைய ஹேமர் ட்ரில்லில் ஹேமரை அணைத்துவிட்டு கிளட்ச் நம்பர் வைத்துப் போடு. ஆஸ்பத்திரி, ஸ்கூல் என்று சிமென்ட் போர்டு வேலை தொடர்ந்து வருகிறதென்றால் அப்போது 250 எடு, பேட்டரி அதேதான். மூலையிலிருந்து 50 மி.மீ. தள்ளிப் போடு, இல்லாவிட்டால் மூலை தெறித்துவிடும். போர்டிகோவுக்குக் கருப்பு ஸ்க்ரூ கூடவே கூடாது. அந்தக் கருப்பு வெறும் பாஸ்பேட் பூச்சு, உள்வேலைக்கு. வெளியே இரண்டு மழை பார்த்தால் பெயின்ட் மேல் துருப் பொட்டு பொட்டாகத் தெரியும். ஜிங்க் பூச்சு கேட்டு வாங்கு.

ஸ்க்ரூ தலை உடைவது வேகத்தால் இல்லை. ட்ரைவால் ஸ்க்ரூ கெட்டியாக்கிய இரும்பு, வளையாது, ஒடியும். கன் கோணலாக இருந்தால் ஒடியும். பிட் தேய்ந்து ஆடினால் ஒடியும். செக்‌ஷனுக்கு மேலே இன்டர் சேனல் (செக்‌ஷனைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) சேரும் இடத்தில் இரண்டு தகடு மாட்டினாலும் ஒடியும். பிட் பிஎச் 2 (ஃபிலிப்ஸ்) தானா என்று பார். கடைக்காரர் பிஇசட் 2 (போசிட்ரைவ்) எடுத்துக் கொடுப்பார், கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும். பிஇசட்டில் பெரிய நான்கு கோட்டுக்கு நடுவில் மெல்லிசாக இன்னும் நான்கு கோடு இருக்கும், அது நமக்கு ஆகாது. பிட்டை டஜனாக வாங்கி வை, தேயும் முன்பே மாற்று. சில டப்பாவில் ஸ்க்ரூவே மட்டம். புது டப்பா பிரித்ததும் ஒரு கை எடுத்துத் துண்டுப் போர்டில் போட்டுப் பார்த்துவிட்டு மேலே ஏறு.

இன்னும் ஒன்று, ஆட்களுக்குக் கண்ணாடி வாங்கிக் கொடு. மேலே பார்த்து வேலை செய்கிற கண்ணில் ஜிப்சம் தூசியோடு தகட்டுத் தூளும் விழுகிறது. கிருஷ்ணகிரி கண் ஆஸ்பத்திரியில் போய் உட்கார்ந்தால் ஒரு நாள் கூலி போச்சு.

அரூர் இன்டீரியர்

பிஎச், பிஇசட் விஷயம் சரியான பாயின்ட். என் ஆட்களிடமும் கலந்துதான் கிடக்கிறது, நாளைக்கே பிரிக்கணும். ஒயர் மெஷினை நான் விட மாட்டேன், ஆனால் 16 அடி சாரத்துக்கு மேஸ்திரி சொல்வது நியாயம்.

காவேரிப்பட்டணம் சீலிங்

452-க்குச் சொல்லியாச்சு, மெஷின் மட்டும். 2 ஏஹெச் பேட்டரி கடையில் ஸ்டாக் இல்லை, வரவழைக்கிறார்கள். எங்கள் சித்தப்பாவிடம் ரொம்பப் பழைய மகிட்டா 3 ஏஹெச் பேட்டரி சும்மா கிடக்கிறது. அதுவரைக்கும் மாட்டி ஓட்டலாமா?

தருமபுரி மேஸ்திரி

பேட்டரி மேல் நட்சத்திரக் குறி இருக்கிறதா பார். இருந்தால் தைரியமாக மாட்டு. மெஷினுக்கும் பேட்டரிக்கும் நடுவில் சூடு, ஓவர்லோடு பார்த்துக்கொள்ளும் வகை அது. நட்சத்திரம் இல்லாத பழைய வகை என்றால் புது மெஷின்கள் பலவற்றில் உள்ளே நுழையவே நுழையாது, முட்டிக்கொண்டு நிற்கும். சுத்தியலால் தட்டாதே, திருப்பிக் கொடுத்துவிடு. உன் 5 ஏஹெச்சையே போட்டு ஆரம்பி.